ஏர்லூமும் எங்கள் ஆறு மா நிலமும்

1

உயில் எழுதப் போன இடத்தில் தக்காளியைப் பற்றிப் பேசிவிட்டு வந்தவள் இந்த ஒன்டாரியோ மாநிலத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதியோர் இல்லத்தில் செவிலி வேலை. போன மாதம் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவர்கள் இங்கே முதலில் செய்கிற காரியம் உயில் எழுதுவது. நம் ஊரில் உயில் என்று வாயைத் திறந்தாலே உடம்புக்கு என்ன என்று பதறிப்போய்க் கேட்பார்கள். இங்கே பல் டாக்டரைப் பார்ப்பது போல நாள் குறித்துக்கொண்டு போகிறார்கள். நானும் என் கணவரும் போனோம். மகள் கயல் துணைக்கு வந்தாள். துணை என்றால் எங்கள் ஆங்கிலத்துக்குத் துணை. அந்த ஆங்கிலத்தை வைத்துத்தான் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, சம்பளம் வாங்கி அவளைப் படிக்க வைத்தேன் என்பதை அவளுக்கு யாராவது நினைவூட்டினால் நல்லது.

வக்கீல் சின்னப் பெண். வீடு, வங்கி, கார் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவள், ஏர்லூம் ஏதாவது இருக்கிறதா என்றாள். எனக்குத் தெரிந்த சொல். சனிக்கிழமைச் சந்தையில் வெடித்தும் கோணியும் கிடக்கிற தக்காளிகளுக்கு மேல் அந்தப் பெயரை எழுதி, மற்றதைவிட அதிக விலை போட்டு வைத்திருப்பார்கள். நம் நாட்டுத் தக்காளிதான், வேறொன்றும் இல்லை. அதனால் தைரியமாக, இந்த வருடம் போடவில்லை, போட்டால் அணில் விடுவதில்லை என்றேன்.

அந்தப் பெண் நல்ல வளர்ப்பு. சிரிக்கவில்லை. கயல்தான் கூரையைப் பார்த்தாள். காரில் வரும்போது பொறுமையாக விளக்கினாள். தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தில் கைமாறி வருகிற பொருளாம். கடிகாரம், வெள்ளிப் பாத்திரம், வைர மோதிரம். அவள் ஆங்கிலத்தில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். அது எங்களுக்குள் என்றோ ஆகிவிட்ட ஒப்பந்தம். நம் வீட்டில் அப்படி எதுவும் கிடையாதா என்று கேட்டாள். கிடையாது என்றேன்.

"பரவாயில்லம்மா" என்றாள்.

ஒப்பந்தத்தை மீறி அந்த ஒரு வார்த்தையை மட்டும் தமிழில் சொன்னாள். ஏழை நோயாளிக்கு ஆறுதல் சொல்வது போல இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

2

ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? மறுநாளே எங்கள் ஊர் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். சொற்களின் பிறப்பைச் சொல்கிற பெரிய அகராதி ஒன்று அங்கே உண்டு. இரண்டு கையாலும் தூக்க வேண்டும்.

ஏர்லூம் இரண்டு சொற்கள் சேர்ந்த சொல். முன்பாதி வாரிசு. பின்பாதியைத் தறி என்றுதான் நினைத்திருந்தேன், இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு அதுதான் பொருள். நெசவாளர் வீட்டுச் சமாச்சாரம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அகராதி அப்படிச் சொல்லவில்லை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் எந்தக் கருவிக்கும் பொது. வேலை செய்யக் கையில் எடுக்கிற எதுவும் அதுதான். பிறகு எத்தனையோ காலம் கழித்து மற்ற கருவிகள் எல்லாம் உதிர்ந்து, தறி மட்டும் அந்தப் பெயரோடு தங்கிவிட்டது. ஆக, ஏர்லூம் என்றால் வாரிசின் கருவி. வைரமும் இல்லை, வெள்ளியும் இல்லை. அந்நாளில் அங்கே ஒருவர் இறந்தால் தட்டுமுட்டுச் சாமான்களை ஒரு கணக்காகப் பிரித்துவிடுவார்கள். சில பொருள்களை மட்டும் பிரிக்காமல், நிலத்தோடும் வீட்டோடும் சேர்த்து வாரிசிடம் விட்டுவிடுவது வழக்கம். அவற்றுக்குத்தான் இந்தப் பெயர்.

இன்னொன்றும் கவனித்தேன். முன்பாதி ஆங்கிலமே அல்ல. லத்தீனில் புறப்பட்டு, பிரெஞ்சு வழியாக வந்த கோர்ட்டுச் சொல். பின்பாதிதான் மண்ணின் சொல். நம் வாரிசு மட்டும் என்ன? அரபியில் புறப்பட்டு, பாரசீகக்காரர்களின் அரசாங்கக் கச்சேரி வழியாக வந்து, தாலுகா ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்ட சொல். மண்வெட்டியும் அரிவாளும் ஏரும் அப்படி எங்கிருந்தும் வரவில்லை. உரிமை கேட்பவனின் பெயரை இரண்டு மொழியும் வெளியிலிருந்து வாங்கியிருக்கின்றன, வேலைக்கான பெயரை வீட்டிலேயே வைத்திருக்கின்றன.

ஏர்லூமில் ஏர் இருக்கிறதே என்று துள்ளிக் குதிக்கிற அன்பர்கள் தயவுசெய்து உட்காருங்கள். காதில் ஒன்றாக விழுவதெல்லாம் உறவாகிவிடாது. அந்தக் கடையை நான் திறக்கப் போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஊருக்குப் போன் போட்டேன். அக்கா எடுத்தாள். இந்த மாதிரி ஒரு சொல், அதற்கு இந்த மாதிரி பொருள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். வெள்ளைக்காரன் பரவாயில்லையே என்றாள். அப்பாவின் ஏர் இப்போது எங்கே இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டேன்.

"கொழு பழைய இரும்புக்குப் போயிடுச்சி. கட்டையில பாதி கரையான் தின்னுடுச்சி, மீதிய அடுப்புல வச்சேன். டிராக்டர் வந்து எம்புட்டு வருசமாச்சி, இப்பப் போயி ஏர் கேக்குறியே?"

சிரித்துவிட்டேன். அழுகையும் கொஞ்சம் வந்தது. அன்று இரவு கயலைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவள் பெரியம்மாவின் கதையைச் சொன்னேன். அதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

3

மயிலாடுதுறைக்குக் கிழக்கே, காவிரியிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் கரையில் எங்கள் ஊர். மயிலாடுதுறையை நாங்கள் மாயவரம் என்றே சொல்வோம். என் தாத்தா அந்த ஊர்ப் பண்ணையில் பண்ணையாள். அப்பா அதே பண்ணையின் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்குச் செய்தார். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். பண்ணையாள் மகன் குத்தகைக்காரன் ஆவது அந்தக் காலத்தில் சாதாரணச் சங்கதி இல்லை. கழக ஆட்சி வந்து, குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்தபோது அப்பா பெயரும் ஏறியது. அதற்காக விவசாயச் சங்கத்துச் சிவப்புக் கொடியின் பின்னால் எத்தனை ஊர்வலம் நடந்தார் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. ஊரில் சிலர் அடி வாங்கினார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள். பெயர் ஏறியது என்று இன்று ஒரு வரியில் எழுதிவிடுகிறேன்.

என்னைப் பெற்ற கையோடு அம்மா போய்விட்டாள். அக்கா அஞ்சம்மாளும் நானும்தான் அப்பாவுக்கு. ஆண்பிள்ளை இல்லை.

எண்பதுகளில் ஒரு வருடம் அப்பாவுக்கு நெஞ்சு நோய் வந்தது. நாலு அடி நடந்தால் உட்கார்ந்துவிடுவார். ஆள் வைத்து உழ வசதி இல்லை. அக்கா ஏரைப் பிடித்தாள். எங்கள் பக்கம் பெண்கள் நாற்றுப் பறிப்பார்கள், நடுவார்கள், களை எடுப்பார்கள், அறுப்பார்கள், கட்டுச் சுமப்பார்கள். ஏரின் கைப்பிடியை, அதாவது மேழியை மட்டும் தொடக் கூடாது. தொட்டால் மழை பொய்த்துவிடும் என்பார்கள். அதனால் விடிவதற்கு முன்பே மாட்டை ஓட்டிக்கொண்டு போய், ஆள் நடமாட்டம் தொடங்கும்போது ஏரை வரப்போரம் போட்டுவிட்டுக் களை பறிப்பவள் போலக் குனிந்துகொள்வாள். யாராவது கேட்டால் அப்பாதான் உழுதார் என்று நானும் சொல்வேன். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. மானத்தைக் காப்பாற்றிக்கொண்டதாக எங்களுக்கு நினைப்பு.

இரண்டாம் வருடம் சம்பா அறுவடை முடிந்த கையோடு அப்பா இறந்தார்.

4

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பண்ணையின் காரியக்காரர் வந்தார். பண்ணையார் சென்னையோடு போய்விட்ட பிறகு நிலபுலன் எல்லாம் அவர் கையில்தான். வெள்ளை வேட்டி, குளிர்ந்த பேச்சு. அப்பாவைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, பெண்பிள்ளைகள் பெயரில் குத்தகை நிற்காது, நாளைக்கே கட்டிக்கொண்டு போய்விடுவீர்கள், ஆண் பெயர் ஒன்று வேண்டும் என்று அக்கறையாகச் சொன்னார். எங்கள் பெரியப்பா மகன் செல்வராசு அண்ணன் அங்கேயே நின்றிருந்தது. இவன் பெயரில் மனு போடுங்கள், நானே மாற்றித் தருகிறேன் என்றார் காரியக்காரர். அண்ணன் மாயவரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தது. தங்கமான மனிதன். பெயர்தானே, போட்டுக்கொள்ளுங்கள் என்றது. எங்கள் தெருவே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. எனக்கும் நிம்மதிதான்.

அக்காவுக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு சங்கத்துத் தோழரைப் போய்ப் பார்த்தாள். அவர் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எங்களுக்குச் சட்டத்தைச் சொன்னார். குத்தகைக்காரர் இறந்தால் உரிமை அவர் வாரிசுக்குப் போகும். ஆனால் சும்மா வாரிசாக இருந்தால் போதாது. அந்த வாரிசோ அவர் குடும்பத்தாரோ அந்த நிலத்தில் உடலால் பாடுபட வேண்டும். செல்வராசு அண்ணன் அப்பாவுக்குப் பிள்ளையும் இல்லை, வயலில் கால் வைத்ததும் இல்லை. அதன் பெயரில் மனு போட்டால் ஒரே விசாரணையில் தள்ளுபடி ஆகும். நிலம் பண்ணைக்குத் திரும்பும். நாங்கள் மறுபடி கூலிக்குப் போக வேண்டியதுதான்.

காரியக்காரரின் அக்கறை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உடம்பெல்லாம் எரிந்தது.

"நான் பாடுபட்டிருக்கேன் தோழர்" என்றாள் அக்கா. "ஏர் புடிச்சிருக்கேன்."

"பாத்தவங்க யாரும்மா?"

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பார்த்தவர் யாரும் இல்லை. யாரும் பார்க்கக் கூடாது என்றுதானே அத்தனை பாடு. எந்த ஒன்றைச் சட்டம் கேட்டதோ, சரியாக அதைத்தான் இரண்டு வருடமாக நாங்கள் ஊருக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தோம். நடவும் களையும் செல்லாதா என்று கேட்டேன். செல்ல வேண்டும், ஆனால் நடவை எல்லாப் பெண்களும் எல்லா வயலிலும் கூலிக்குச் செய்கிறார்கள், இதுவும் கூலிதான் என்று அவர்கள் வாதாடுவார்கள் என்றார் தோழர்.

திரும்பி வரும்போது அக்கா முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டு வாசலில் வந்து நின்று, நல்லேருக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டாள்.

5

நல்லேர் எங்களுக்குப் பெரிய நாள். சித்திரையில் நாள் பார்த்து, ஊரில் ஏர் வைத்திருக்கிற அத்தனை பேரும் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரே வயலில் வந்து கூடுவார்கள். பண்ணை ஏர் முன்னால் போகும். மற்றவை அந்தஸ்துப்படி பின்னால் வரிசை கட்டும். கிழக்கு நோக்கிச் சில சுற்று உழுது, ஒரு கை விதை தெளித்து, தேங்காய் உடைப்பார்கள். அந்த வருட விவசாயம் அன்றைக்குத் தொடங்கியதாகக் கணக்கு. வெல்லம் கலந்த காப்பரிசித் தட்டை ஏந்தி நிற்பது பெண்களின் பங்கு.

அந்தச் சித்திரையில் என் கையில் தட்டைக் கொடுத்துவிட்டு, அக்கா மாட்டைப் பூட்டினாள். அப்பாவின் பழைய துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, வரிசைக்கு வந்து நின்றாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. யாருக்காகவோ மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்தார்கள். மேழியில் கையை வைத்ததும்தான் சலசலப்பு எழுந்தது. ஒரு கிழவர் காறித் துப்பினார். முன்னால் நின்ற காரியக்காரர் திரும்பி வந்து, இவளை வெளியே அனுப்பாவிட்டால் பண்ணை ஏர் நகராது என்றார். எல்லோரும் எங்கள் தெரு நாட்டாண்மைக்காரரைப் பார்த்தார்கள். உறவு முறையில் எங்களுக்கு மாமா. பண்ணைக்குப் பயப்படுகிறவர்தான், அப்பாவோடு ஊர்வலம் நடந்தவரும்தான். பயமும் பாசமும் முகத்தில் மாறி மாறி வந்தன.

"ஏன் புள்ள இப்படிப் பண்ணுற?" என்றார்.

"அப்பா ஏர் மாமா" என்றாள் அக்கா. "இந்த வருசம் அது வரலன்னா, நாளைக்கு அந்த ஆறு மா நம்மது இல்ல."

மாமா காரியக்காரரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, வேண்டுமானால் கடைசியில் நின்றுகொள் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரியக்காரர் பண்ணை மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார். முன் ஏர் இல்லாமல் அந்த வருட நல்லேர் நடந்தது. கடைசி ஏருக்குப் பின்னால் பத்தடி இடைவெளி விட்டு அக்காவின் ஏர் போனது. கோணலில்லாத உழவுச் சால். அவளையே பார்த்து நின்றதில் என் தட்டு சாய்ந்து காப்பரிசி பாதி கீழே கொட்டிவிட்டது. பயத்தில் இல்லை, பெருமையில்.

அதற்குப் பிறகு அவள் ஒளியவில்லை. கோடை மழை பெய்ததும் பட்டப்பகலில், பஸ் போகிற ரோட்டோரத்து வயலில், ஆறு மாவையும் தானே உழுதாள். பஸ்ஸில் போகிறவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். காரியக்காரர் வரப்பில் வந்து நின்று நாளும் சத்தம் போட்டார்.

மழை பொய்த்ததா என்று கயல் கேட்டாள். எங்கே பொய்த்தது? வழக்கம் போல ஐப்பசியில், நட்ட பயிரை மூழ்கடிக்கிற அளவுக்குக் கொட்டித் தீர்த்தது.

6

ஆடி மாதம் மாயவரத்தில் விசாரணை. அக்கா தன் பெயரில் மனு போட்டிருந்தாள். செல்வராசு அண்ணன் கடையைச் சாத்திவிட்டு எங்களோடு வந்தது. எங்கள் தெருவிலிருந்து சாட்சி சொல்ல யாரும் வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்காவது பண்ணையில்தான் பிழைப்பு. அவர்கள் மேல் எனக்கு அன்று ஆத்திரம். இன்று இல்லை.

விசாரணை அதிகாரி நடுவயதுக்காரர். மேசைக்கு முன்னால் அக்கா கைகட்டி நின்றாள். பண்ணை வக்கீல் நிதானமாகப் பேசினார். இந்தப் பெண் நடவுக்கூலி. ஊரில் எந்தப் பெண்ணும் உழுவதில்லை. ஆகவே இவர் நிலத்தில் பாடுபட்ட வாரிசு ஆகமாட்டார். கேட்கக் கேட்க எனக்கே அது உண்மை போல இருந்தது. அடுத்து, அதற்குச் சாட்சியாகக் காரியக்காரரைக் கூப்பிட்டார்கள். உங்கள் ஊரில் பெண்கள் ஏர் பிடிக்கும் வழக்கம் உண்டா என்று வக்கீல் கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தையில் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மனிதருக்கு நல்லேர் நாள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

"வழக்கம் ஏதுங்க? இவதான் கெடுத்தா. நல்லேர் அன்னிக்கு அத்தன ஆம்பளைங்க நிக்குறப்ப மேழியப் புடிச்சா. அதோட விட்டாளா? ரோட்டோரம் அந்த ஆறு மாவையும் இவளேதான் உழுவுறா. ஊரே பாக்குதுங்க."

வக்கீல் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க பாத்தீங்களா?"

"என் கண்ணால பாத்தேங்க. வரப்புல நின்னு எத்தன நாள் கத்திருக்கேன், கேக்க மாட்டேங்குறா."

"கூலிக்கு ஆள் வச்சு உழுவலையா?"

"ஆள் எங்கங்க வச்சா? அவளேதாங்க."

அதிகாரி குமாஸ்தாவின் பக்கம் திரும்பி, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எழுதுகிற சத்தத்தில்தான் காரியக்காரருக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அக்கா கட்டியிருந்த கையை மெல்லப் பிரித்துத் தொங்கவிட்டாள். அண்ணன் என் தோளை இறுக்கிப் பிடித்தது.

ஆவணியில் உத்தரவு வந்தது. அப்பாவின் பெயர் இருந்த இடத்தில் அக்காவின் பெயர். நிலம் சொந்தமாகிவிடவில்லை, குத்தகைதான், பண்ணைக்கு நெல் அளக்க வேண்டியதுதான். ஆனால் அவளை யாரும் அதிலிருந்து இறக்க முடியாது. அந்த வயல் நெல்லில்தான் நான் நர்ஸ் படிப்புப் படித்தேன், கடல் தாண்டினேன்.

ஏர்லூம் என்ற சொல்லில் வாரிசு முன்னால் வருகிறார், கருவி பின்னால் வருகிறது. முதலில் ஒருவர் வாரிசாகிறார், பிறகு கருவி அவர் கைக்குப் போகிறது என்பது வெள்ளைக்காரன் கணக்கு. எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. அக்கா கருவியைப் பிடித்தாள், அதனால் வாரிசானாள். இதைக் கயலிடம் சொன்னபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வக்கீலிடம் நாம் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்றாள், தமிழிலேயே.

7

அவளுக்கு முடிவையும் சொன்னேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

உத்தரவுக்குப் பிறகு எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் அக்காவைத் தேடி வந்தார்கள். ஒருத்தி புருஷனை இழந்த கமலம், இன்னொருத்தி கணவன் துபாய்க்குப் போய்விட்ட சாந்தா. இரண்டு வீட்டிலும் குத்தகை நிலம் இருந்தது, உழ ஆள் இல்லை. அக்கா எங்கள் வயலில் வைத்துப் பகலிலேயே அவர்களுக்கு ஏர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். இந்த முறை யாரும் வரப்பில் வந்து கத்தவில்லை.

அடுத்த சித்திரையில் பண்ணை ஏர் நல்லேருக்கு வரவில்லை. வரிசை கட்டி நின்ற பிறகு முன்னிடம் காலியாக இருந்தது. அக்கா போன வருடம் போலவே கடைசியில், பத்தடி தள்ளி நின்றாள். நாட்டாண்மை மாமா வரிசை நெடுக நடந்து அவளிடம் வந்தார்.

"வா புள்ள. இந்த வருசம் ஒன் ஏர்தான் முன்னால போவணும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"முன்னால யாரு வேணா போகட்டும் மாமா. எனக்குப் பின்னால எடம் பத்தாது. இன்னும் ரெண்டு ஏர் வருது."

வாய்க்கால் கரையில் கமலமும் சாந்தாவும் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். மாமா அவர்களைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மொத்த வரிசையையும் முன்னால் நகர்ந்து நிற்கச் சொன்னார்.